நாலு இடத்தில் லோஜினி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. சொந்தப் பொய், இரவல் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நீங்களாகக் கண்டுபிடித்து, நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டாம் பாருங்கள்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

“பனி விலகாத மலைமுகட்டில், தேயிலைச் செடிகளின் பச்சைக் கம்பளத்துக்கு நடுவே, ஒரு சின்னஞ்சிறு—”

[கைவிடப்பட்டது. பச்சைக் கம்பளம் என்று எழுதியவர்களை எல்லாம் ஒரு நாள் அந்தக் கம்பளத்தில் இறக்கி, அட்டைக் கடியோடு பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுக்கச் சொல்ல வேண்டும். முதல் ஆளாக நான் இறங்க வேண்டும்.]

இரண்டாவது வரைவு:

“நான் அந்தக் கதவைத் திறந்தபோது நான் கண்ட காட்சி என்னை—”

[கைவிடப்பட்டது.]

இந்த இரண்டாவது வரைவை ஒரு பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து எண்ணிப் பார்த்தேன். ‘நான்’ பத்தொன்பது தடவை வந்திருந்தது. கதை யாரைப் பற்றியதோ அந்தப் பிள்ளையின் பெயர் இரண்டே தடவை. வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பற்றிய கதையில் எழுதத் தெரிந்தவள் இப்படி நடு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் அந்த ‘நானை’ எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். அவளுக்குப் பதிலாகத் தனுஜா என்று ஒருத்தி வருகிறாள். அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்கு வலிக்காது.*

* வலிக்கும். ஆனாலும் பேச்சுக்குச் சொல்கிறேன்.

2

தனுஜாவுக்கு முப்பத்திரண்டு வயது. தலவாக்கலையில் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. சிறுகதை எழுதுவாள். இரண்டு பரிசு வாங்கியிருக்கிறாள். அதைத் தானாகச் சொல்லிக்கொள்ளமாட்டாள், ஆனால் நீங்கள் கேட்கும்வரை பேச்சை அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டிருக்கத் தெரியும். லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அப்பா டவுனில் கடை போட்டபோது குடும்பம் இறங்கி வந்துவிட்டது. ‘நானும் லயத்துப் புள்ளதான்’ என்பதை மேடையில் சொல்வாள், பஸ்ஸில் சொல்லமாட்டாள்.

வாசிக்கத் திணறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லிக்கொடுக்க ‘எழுத்தேணி’ என்ற அமைப்பு தொண்டர்களைத் தேடியது. தனுஜா பெயர் கொடுத்தாள். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சேவை. மற்றது, அடுத்த தொகுப்புக்கு ஒரு கதை குறைந்தது. [இந்த வரிசையை மாற்றிப் போட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. பழையபடியே போட்டுவிட்டேன்.]

அவளுக்குக் கிடைத்தது டயகம பக்கத்தில் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிஷன். வகுப்பு நடந்தது பிள்ளைக் காம்பராவில். கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம் அது. சனிக்கிழமை இரண்டு மணிக்குக் குழந்தைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார்கள். பிள்ளைகள் பத்துப் பேர். எல்லோரும் ஐந்தாம் வகுப்பு, ஒருவருக்கும் ஒரு வரி வாசிக்க வராது.

ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை வகுப்பு நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த டிசம்பர் முக்கியம். அதற்கடுத்த மாதம் இந்தப் பத்துப் பேரும் ஆறாம் வகுப்புக்குப் பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே யாரும் ‘அ’விலிருந்து தொடங்கமாட்டார்கள். வாசிக்கத் தெரியாமல் போகிற பிள்ளைக்குக் கடைசி வாங்கு, சுவரோரப் பெஞ்சு. அங்கிருந்து இரண்டு வருடத்தில் கொழும்பில் யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவும் வேலை. இது எல்லோருக்கும் தெரிந்த பாதை, யாரும் பெயர்ப்பலகை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

3

பத்துப் பேரில் லோஜினி கடைசி. ஏன் கடைசி என்றால், முதல் நாள் பரிசோதனையில் அவள் எடுத்தது பூச்சியம்.

பரிசோதனை அட்டைகள் கொழும்பிலிருந்து வந்தவை. வழவழப்பான தாள், அழகான படங்கள். முதல் அட்டையில் கலர் கலராகப் பூக்கள், நடுவில் ஒரு வண்ணத்துப்பூச்சி. கீழே ‘தோட்டம்’ என்று பெரிய எழுத்தில். தனுஜாவின் கையில் கேள்வித்தாள்.

“தோட்டத்தில் யார் இருக்கிறார்?”

லோஜினி யோசிக்கவே இல்லை. “தொர இருக்காரு மிஸ்.”

“வேற?”

“கண்டாக்கையா இருக்காரு. கணக்கப்புள்ள இருக்காரு.”

“படத்தப் பாத்துச் சொல்லும்மா. படத்துல யாரு இருக்கா?”

லோஜினி அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “படத்துல ஒருத்தரும் இல்ல மிஸ். வேல விட்டுட்டாங்க போல.”

துரை, கண்டாக்கையா, கணக்கப்பிள்ளை எல்லாம் தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் அதிகாரிகள். கேள்வித்தாளில் அச்சடித்திருந்த சரியான விடை: வண்ணத்துப்பூச்சி. ஆகவே பூச்சியம். அடுத்த அட்டையில் ‘வீடு’. தனிக் கட்டடம், புகைபோக்கி, முன்னால் ரோசாச் செடி. லோஜினி ‘பங்களா’ என்றாள். அவள் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு கட்டடத்துக்கு அதைத் தவிர வேறு பெயர் கேள்விப்பட்டதில்லை. அவள் இருக்கும் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி இன்னும் வீடுகள் இருக்கும். மறுபடியும் பூச்சியம்.

தாளின் அடியில் ‘அவதானிப்பு’ என்று ஒரு கட்டம். தனுஜா நிதானமாக எழுதினாள்: “சூழலை அறிந்துகொள்ளும் திறன் குறைவு.”*

* இதை எழுதிவிட்டுக் கையெழுத்தும் போட்டாள். தேதியும் போட்டாள். அந்தத் தாளை எப்படியாவது எடுத்துக் கிழித்துவிடலாம் என்று பிறகு பார்த்தேன். பார்த்தாள். கோப்பு எழுத்தேணியின் நுவரெலியா அலுவலகத்தில் இருக்கிறது.

4

[இந்த இடத்தில் ஆசிரியையும் மாணவியும் மெல்ல மெல்ல நெருங்கும் ஒரு பகுதி வர வேண்டும். மழை பெய்ய வேண்டும். பிள்ளை ஒரு பூ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். லோஜினி பூ எதுவும் கொடுக்கவில்லை. கேள்விகள்தான் கேட்டாள்.]

அவள் பெயரிலிருந்தே தொடங்கலாம் என்று தனுஜா கரும்பலகையில் ‘லோஜினி’ என்று எழுதினாள். ‘லோ’ என்ற எழுத்தைத் தமிழில் எப்படி எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம் பாருங்கள். முதலில் ஒரு கொம்பு, பிறகு ல, பிறகு ஒரு கால். லோஜினி அந்தக் கொம்பிலேயே நின்றுவிட்டாள்.

“மிஸ், முன்னுக்கு நிக்கிறத ஏன் பின்னுக்குப் படிக்கணும்?”

தனுஜா தமிழில் பட்டம் வாங்கியவள். “அது அப்படித்தாம்மா” என்றாள்.

“கொம்பு முன்னுக்கு, காலு பின்னுக்கு. மாடா மிஸ்?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். தனுஜாவுக்கும் சிரிப்பு வந்தது. “ஆமா, மாட்டு எழுத்துன்னே வச்சுக்க” என்றாள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை போனது. நான்காவது சனிக்கிழமை, எங்கே எழுதினாலும் லோஜினி தன் பெயரைக் கண்டுபிடித்தாள். தலைகீழாக எழுதினாலும் கண்டுபிடித்தாள்.

இன்னொன்றும் வாசித்தாள். ஒரு நாள் தனுஜா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, ரோட்டில் நின்ற லோஜினி பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக, “ட… ய… க… ம…” என்றாள். தனுஜா தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். அந்தப் பஸ் எங்கே போகிறது என்று அங்கே ஆட்டுக்குட்டிக்கும் தெரியும், இதில் என்ன வாசிப்பு என்று நினைத்தாள். டயகம என்ற பெயரை எழுதிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். நாலு எழுத்து. கொம்பில்லை, காலில்லை, புள்ளிகூட இல்லை. அந்தப் பிள்ளை தனக்கு வாசிக்க முடிந்த ஒரு சொல்லை ஊர் முழுக்கத் தேடி, பஸ்ஸின் நெற்றியில் கண்டுபிடித்திருந்தாள். அது பரிசோதனை அட்டையில் இல்லாததால் தனுஜாவின் புத்தகத்தில் ஏறவில்லை.

ஜூன் மாதக் கணக்கு இதுதான்: லோஜினி வாசிப்பது இரண்டு சொல். ஆனால் வழி பிடிபட்டுவிட்டது. டிசம்பர் வரை ஆள் இருந்தால் வாசித்துவிடுவாள். இது தனுஜாவுக்கு நன்றாகத் தெரியும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5

லியனார்ட் எழுத்தேணியின் இணைப்பாளர். இவரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். இரண்டு வரைவில் முயன்றேன். மீசையைக்கூட முறுக்கிவிட்டேன். சரிப்படவில்லை. மனிதர் மழையில் நனைந்துகொண்டு பிள்ளைகளுக்குக் குடை பிடிக்கிறவர். ஞாயிறு பூசை தவறாதவர். கெட்டது செய்யவும் தெரியாது, பேச ஆரம்பித்தால் வாக்கியத்துக்கு நடுவே நிற்கவும் தெரியாது.

ஜூன் கடைசியில் போன் எடுத்தார்.

“மிஸ், எட்டுப் பேரு சரளமா வாசிக்கணும்னு திட்டத்துல போட்டிருக்கு. ஏழு பேரு ஆயிட்டாங்க. இன்னொரு ஆளு கெடச்சா இந்த டிவிஷன முடிச்சிட்டு நல்லதண்ணி தோட்டத்துப் பக்கம் போயிறலாம். அங்கயும் புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க.”

“டிசம்பர் வரைக்கும்னு சொன்னீங்க?”

“இலக்கு ஆகுற வரைக்கும் மிஸ். டிசம்பருக்கு முன்னாடி ஆனா நமக்குத்தான் நல்ல பேரு. லோஜினியப் போடுவமா? அது பேரு வாசிக்குதுதான?”

“பேரு வாசிக்கும்.”

“அப்ப வாசிக்குது. ஹரி மிஸ், சரிதான். கூட நாலு வரி ஒங்க ஸ்டைல்ல எழுதிக் குடுங்க, போட்டோவோட அச்சடிக்கணும். நீங்க எழுதுனா படிக்கிறவங்க அழுதுருவாங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் தனுஜா விழுந்தாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. ஆனால் அதற்குள் முதல் வரி மனதில் வந்துவிட்டது. உட்கார்ந்து எழுதினாள்:

“லோஜினிக்கு எழுத்துகள் எதிரிகளாக இருந்தன. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிறந்த லோஜினி, தன் பெயரைக்கூட வாசிக்கத் தெரியாதவள். இன்று லோஜினி சரளமாக வாசிக்கிறாள். லோஜினியின் கண்களில் மலையகத்தின் விடியலைக் கண்டோம்.”

மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். மூன்றே மூன்று சொற்களுக்கு முன்னால் ஒரு ‘இன்று’. ஓசை எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது! பச்சைக் கம்பளத்தை இரக்கமில்லாமல் அடித்த அதே கை, இந்த வாக்கியத்தை அடிக்கவில்லை. பொய் என்று தெரியும். ஆனால் நன்றாக வந்துவிட்டது. எழுதுகிறவர்கள் கொஞ்சம் என்னைப் புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் புரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

ஜூலையில் வகுப்பு நின்றது. பிள்ளைக் காம்பராவில் தொட்டில்கள் பழைய இடத்துக்கு வந்தன.

6

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஜா மறுபடியும் டயகம பஸ் ஏறினாள். குற்ற உணர்ச்சியால் என்று எழுதலாம். நீங்களும் நம்புவீர்கள். உண்மையில் அவள் இந்தக் கதையைத் தொடங்கியிருந்தாள், முடிவு அகப்படவில்லை. நேரில் போனால் ஏதாவது கிடைக்கும் என்று போனாள்.

லோஜினியின் அம்மா லெட்சுமிக்கு அன்று கொழுந்து இல்லை. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், “வாங்க மிஸ், வாங்க” என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே அழைத்துப்போனாள். சுவரில் முருகன் கலண்டர். அதற்குப் பக்கத்தில், சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தது எழுத்தேணியின் துண்டுப்பிரசுரம். லோஜினி புத்தகம் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். கீழே நாலு வாக்கியம்.

“கண்டாக்கையா குடுத்தாரு” என்றாள் லெட்சுமி. “எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுக் காட்டுறேன்னுச்சு. இவ விடமாட்டேன்னுட்டா. மிஸ் வந்து படிக்கட்டும்னுட்டா. படிங்க மிஸ், என்னா எழுதியிருக்கு?”

லோஜினி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். வளர்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

தனுஜா சுவரைப் பார்த்தாள். தன் எழுத்தைத் தானே வாசிக்க முடியாமல் நிற்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ‘தன் பெயரைக்கூட வாசிக்கத் தெரியாதவள்’ என்பதை இந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ‘சரளமாக’ என்பதை எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே அவள் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தாள். சுவரில் கண்ணை ஓட்டிக்கொண்டே, புதிதாக ஒன்றைக் கட்டிச் சொன்னாள்:

“லோஜினி நல்ல புள்ள. கிளாசுக்கு ஒழுங்கா வரும். எழுத்தெல்லாம் படிச்சுக்கிட்டு இருக்கு. லோஜினி இன்னும் நல்லா வரும்னு நாங்க நம்புறோம்.”

“அப்படியா எழுதியிருக்கு” என்றாள் லெட்சுமி. முகம் மலர்ந்ததா இல்லையா என்று தனுஜாவால் சொல்ல முடியவில்லை. “இருங்க மிஸ், ஒரு பிளேன்டீ ஊத்துறேன்” என்று அடுப்படிக்குப் போனாள்.

லோஜினி சுவருக்குக் கிட்டே வந்தாள்.

“மிஸ், எம்பேரு இதுல நாலு எடத்துல இருக்கு.” விரலை வைத்துக் காட்டினாள். “இந்தா ஒரு மாடு. இந்தா. இந்தா. இந்தா. நீங்க ரெண்டு தடவதான் சொன்னீங்க.”

[இந்த இடத்தில் தனுஜாவின் உள்ளத்தை விவரிக்கும் பன்னிரண்டு வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.]

தனுஜா முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே. லோஜினியின் விரல் கூடவே போய், நாலு இடத்திலும் நின்று நின்று நகர்ந்தது. கணக்குச் சரியாக வந்தது.

“சரளமான்னா என்னா மிஸ்?”

“நிக்காம, தட்டுத் தடுமாறாம படிக்கிறது.”

லோஜினி விரலை மூன்றாவது மாட்டில் வைத்தாள். “நானா?”

தனுஜா சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

“அதனாலயா கிளாஸ் நின்னுருச்சு?”

“ஆமா.”

“ஒங்களுக்குத் தெரியுமே மிஸ், எனக்கு ரெண்டுதான் வரும்னு. டயகமயும் எம்பேரும்.”

லெட்சுமி பிளேன்டீயோடு வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தனுஜா எழுந்து, “அக்கா, இதுல எழுதியிருக்கிறது பொய். நான்தான் எழுதுனேன்” என்றாள்.

லெட்சுமி கோப்பையைத் தனுஜாவின் கையில் கொடுத்தாள். கொடுத்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு சொன்னாள்:

“அதுக்குப் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியும் மிஸ். ஒங்களுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

தேநீர் சூடாக இருந்தது. தனுஜா நின்றுகொண்டே குடித்து முடித்தாள். லயத்துக் கோடியில் பஸ் ஹோர்ன் அடித்தது. படியிறங்கும்போது அவள், “சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வர்றேன். நான் தனியா வர்றேன், எழுத்தேணி இல்லாம” என்றாள்.

லோஜினி தலையாட்டவில்லை. “இதையும் எழுதுவீங்களா மிஸ்?”

“எழுதுவேன்.”

“எழுதுனா கொண்டாந்து படிச்சுக் காட்டணும். நான் எண்ணுவேன்.”

7

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

அ) தனுஜா வருகிறாள். டிசம்பருக்குள் லோஜினி வாசிக்கிறாள். பெரிய பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழாவில் மேடையேறி ஒரு பக்கம் வாசிக்கிறாள். லியனார்ட் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். (இதை அவரிடம் போனில் சொன்னேன். “இதப் போடுங்க மிஸ், இதயே போடுங்க” என்றார். நல்லதண்ணியில் இருந்து பேசினார். அங்கே எட்டில் ஆறு ஆகிவிட்டதாம்.)

ஆ) தனுஜா வரவில்லை. ஜனவரி மாதம், கடைசி வாங்கு. ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தபடி ஒரு பிள்ளை. கதை அங்கே நிற்கிறது. இதற்குப் பரிசு நிச்சயம். நடுவர்களுக்கு ஜன்னல் பிடிக்கும்.

இ) தனுஜா வேலையை விட்டுவிட்டு லயத்திலேயே வந்து தங்கி—

[இதை முடிக்க எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.]

ஒவ்வொன்றையும் லோஜினிக்கு வாசித்துக்காட்டுவதாக நினைத்துப் பார்த்தேன். முதலாவதற்கு ‘நானா?’ என்பாள். இரண்டாவதற்கும் அதையேதான் கேட்பாள்.

8

தனுஜாவை அனுப்பிவிட்டேன். பாவம், நிறைய அடி வாங்கிவிட்டாள். இனி நானே பேசுகிறேன்.

கதையில் பிள்ளைகளின் பெயரை மாற்றுவது நல்ல வழக்கம். கடைசியில் ‘பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி போட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நானும் மாற்றிப் பார்த்தேன், நிஷாந்தி என்று. பிறகுதான் உறைத்தது. கொம்பில்லாத பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை எதை எண்ணுவாள்? ஆகவே லோஜினி லோஜினியாகவே இருக்கிறாள். எத்தனை இடத்தில் இருக்கிறாள் என்று நான் எண்ணவில்லை. அது அவள் வேலை.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை போனாயா, இல்லையா?

அதை நான் எழுதப்போவதில்லை. போனேன் என்று எழுதிவிட்டால் போன மாதிரியே ஆகிவிடும். நன்றாக எழுதிவிட்டால் போகவே தேவைப்படாது. என் வியாதி உங்களுக்கு இப்போது தெரியும். ‘வாசிக்கிறாள்’ என்று எழுதி ஒரு வகுப்பை மூடியவள் நான். ‘போனேன்’ என்று நான் எழுதினால் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்?

தலவாக்கலை பஸ் நிலையத்தில் நெற்றியில் நாலு எழுத்து உள்ள பஸ். கொம்பும் இல்லை, காலும் இல்லை, தவறவிடமாட்டீர்கள். ஒரு சனிக்கிழமை ஏறி வாருங்கள். கீழ் டிவிஷனில் இறங்கினால் பிள்ளைக் காம்பரா ரோட்டிலிருந்தே தெரியும். இரண்டு மணிக்கு அதன் கதவு திறந்திருக்கிறதா, தொட்டில்கள் ஓரமாகத் தள்ளியிருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்திருந்தால் உள்ளே போய் இந்தத் தாள்களை லோஜினியின் கையில் கொடுங்கள். மூடியிருந்தால் லயத்துக்கு ஏறிப் போய், நீங்களே அவளுக்கு வாசித்துக்காட்டுங்கள்.

எதையும் விட்டுவிட்டு வாசிக்காதீர்கள். அவள் எண்ணுவாள்.